இடப்பக்கக் கோளாறு

ஜனவரி 3, வெள்ளி

இந்த டைரியை எழுத வைத்தவர் இர்ஃபான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தவர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. இரண்டு மாதமாகப் பெட்டி சரியில்லை என்று போனில் நான் புலம்பியதற்கு இப்படிச் சொன்னார்:

“கோளாறு எப்ப வருது, என்ன பண்றப்ப வருதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க மேடம். சும்மா சரியில்ல சரியில்லன்னா நான் எதைக் கழட்டறதுங்க?”

நியாயம்தான். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பீஸ் திரும்பி வந்தால் நானும் தையல் லைனில் போய் இதைத்தான் கேட்பேன். நூல் வியாபாரி கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன்.

ஆகவே இர்ஃபானுக்கு: கோளாறு இரண்டு. ஒன்று, கேம் ஆடும்போது படம் நின்று நின்று ஓடுகிறது. புதிய நட்சத்திரத்துக்குத் தாவும்போதெல்லாம் நாலைந்து விநாடி உறைந்துபோகிறது. இரண்டு, இடப்பக்கம் வருவதைப் பெட்டி நேரத்துக்கு வரைவதில்லை. பாறையோ கப்பலோ, இடது ஓரத்தில் இல்லை, இல்லை, இல்லை, திடீரென்று மூக்குக்கு முன்னால் நிற்கிறது.

நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை கேம் ஆடுகிறாளா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆழ்வெளி என்கிற இந்தக் கேமில் சுடுவதும் கொல்வதும் கிடையாது. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கின்றன. யாரும் போகாத ஒன்றுக்குப் போய் முதலில் பார்ப்பதுதான் ஆட்டம். முதலில் பார்த்தவர் பெயர் அங்கே நிற்கும். கோகிலவாணி, நவநீதன் என்று எங்கள் இரண்டு பேர் பெயரில் இருநூற்றுப் பதினான்கு நிற்கின்றன. நவநீதன் என் தம்பி. மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கிருந்து அவனும் இங்கிருந்து நானும் ஒரே கப்பலில் ஏறிக்கொள்வோம். நான் ஓட்டுவேன், அவன் வரைபடம் பார்ப்பான்.

மார்ச் 28ஆம் தேதி எல்லைப் பயணம். உலகத்தில் ஆழ்வெளி ஆடுகிற அத்தனை பேரும் ஒன்றாகப் பால்வீதியின் விளிம்பைத் தாண்டி வெளியே போகப் போகிறோம். இதுவரை திறக்காத இடம். அதற்குள் பெட்டி தயாராக வேண்டும். இந்த வருடம் ஒரே ஒரு பாகம்தான் மாற்றலாம் என்பது எனக்கும் என் வீட்டுக்காரர் பூபதிக்கும் பேச்சு. எந்தப் பாகம் என்பதுதான் கேள்வி.

ஜனவரி 10, வெள்ளி

மூன்று தடவை உறைந்தது. 7:20, 7:45, 8:10.

7:50க்கு இடப்பக்கக் கோளாறு. ஒரு சிவப்புச் சூரியனைச் சுற்றிக் கல்வளையம். ஒவ்வொரு கல்லும் ஒரு ஊர் அளவு. எல்லாம் மெதுவாக, அவசரமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து இடது இறக்கையில் ஒன்று மோதிக் கப்பல் பாதி நொறுங்கியது.

“அக்கா, அவ்ளோ பெருசா உருண்டு வருது, பாக்கலயா?”

“என்ற பொட்டி வரையலடா. வரைஞ்சாத்தானே பாக்கறது?”

“கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு நெனக்கறேன்.”

நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்பெனியில் ஹேமா நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். படிக்கட்டில் அவள் கையை ஆட்டினாளாம், நான் கண்டுகொள்ளாமல் போனேனாம். வேலைக் கவலையில் யார் எதைப் பார்க்கிறார்கள்!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பெட்டியைப் போடவில்லை. பானை பொங்கியபோது எல்லோரும் கத்தினார்கள். பக்கத்திலேயே நின்ற நான்தான் கடைசியாகப் பார்த்தேன். ஒரே புகை.

ஜனவரி 17, வெள்ளி

ஏழு மணி முதல் எட்டு மணி வரை ஆடவே இல்லை. எதை மாற்றுவது என்று சண்டை.

நவநீதன் மெமரி என்கிறான். அவனுக்கு எல்லா நோய்க்கும் மெமரிதான் மருந்து. பிராசசர் பழசு, ஆனால் அதை மாற்றினால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அப்புறம் பெட்டியில் மிஞ்சுவது தகரம் மட்டும். எனக்குக் கிராபிக்ஸ் கார்டு. கூடவே மனதின் ஓரத்தில் ஒரு ஆசை: முப்பத்திரண்டு அங்குல வளைந்த மானிட்டர். விளிம்பைத் தாண்டி நின்று திரும்பிப் பார்க்கும்போது முழுப் பால்வீதியும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

கடைவீதிக்கு நானும் பூபதியும் நடந்து போனோம். இவர் இப்போதெல்லாம் என் இடப்பக்கமே ஒட்டிக்கொண்டு நடக்கிறார். கல்யாணமான புதிதில் கூட இப்படி ஒட்டியதில்லை. “கொஞ்சம் தள்ளி வாங்க, வேர்க்குது” என்றேன். தள்ளினார், நாலு அடி போனதும் மறுபடி அங்கேயே வந்துவிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

இர்ஃபான் வீட்டுக்கே வந்தார். இந்த டைரியை வாத்தியார் மாதிரி வரிவரியாகப் படித்தார். பொங்கல் பானை வரை படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு பெட்டியைத் திறந்தார். ஒன்பது வருடத் தூசி. ஊதித் துடைத்து, விசிறியைக் கழற்றி, பிராசசரை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பிஸ்கட்டை விடச் சிறியது. அதன் நடுவில் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறதாம், அதற்குள் நூறு கோடிக்கு மேல் சுவிட்சுகளாம். நான் சென்ற இருநூற்றுச் சொச்சம் சூரியன்களும் இதற்குள்தான் எரிந்தன. கையை அசைக்கவே பயமாக இருந்தது. ஒன்பது வருடமாக வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இப்படி ஒன்று உட்கார்ந்திருக்க, நான் அதன் மேல் துவைத்த துண்டைக் காயப் போட்டிருக்கிறேன்.

இர்ஃபானின் வேலை முறை ஒன்றுதான். “ஒரு சமயத்துல ஒண்ணுதான் மாத்தோணும் மேடம். ரெண்டை மாத்தினா எது காரணம்னு தெரியாமப் போயிரும். நல்லதுன்னு தெரிஞ்ச பார்ட்டை மாட்டிப் பாப்பம். கோளாறு போச்சுன்னா கழட்டினது கெட்டது. போகலீன்னா அடுத்ததுக்குப் போவம்.”

கடையிலிருந்து ஒவ்வொன்றாக இரவல் தருவதாகச் சொன்னார். இன்று ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிய மாதிரி ஒன்றை மாட்டிப் போனார். தீப்பெட்டி கனம்கூட இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

உறையவே இல்லை! ஒன்பது நட்சத்திரம் தாவினோம், வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் கோளாறு ஒழிந்தது.

இரண்டாவது அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் ஒரு நிலவையே விழுங்கிவிட்டது. நவநீதன் “நெலா, நெலா, நெலா” என்று கத்துகிறான். அங்கே எனக்குத் தெரிவது சுத்தமான வானம், நட்சத்திரங்களோடு.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரவல் கிராபிக்ஸ் கார்டு மாட்டியாயிற்று. போன வருட மாடல். நெபுலாக்களின் நிறத்தைப் பார்த்து இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாயப்பட்டறைக்காரர், நிறத்தில் சாமானியமாக அசைய மாட்டார். “இந்த ஊதா எந்த டை போட்டாலும் வராது” என்று பத்து நிமிடம் நின்று பார்த்தார்.

இடப்பக்கம் அப்படியே.

பிப்ரவரி 5, புதன்

கேபிளை மாற்றினோம். அப்படியே.

பிப்ரவரி 7, வெள்ளி

என் ஆசை மானிட்டர், முப்பத்திரண்டு அங்குலம், வளைந்தது, இரவலாக ஒரு வாரம். மேசையில் தூக்கி வைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

ஏழு மணிக்கு ஏறினோம். எட்டுக்குள் நாலு தடவை மோதிவிட்டேன். திரை பெரிதான அளவுக்குக் கோளாறும் பெரிதாகியிருக்கிறது. பழைய திரையில் ஓரத்தில் இருந்தது, இதில் கிட்டத்தட்ட நடுவரைக்கும் வருகிறது.

“அக்கா, இன்னைக்கு நான் ஓட்டட்டுமா?”

எட்டு வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை. பட்டென்று அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக் கேட்டில் ஸ்கூட்டரின் இடது கண்ணாடி மோதி உடைந்தது. கொத்தனார் கோணலாக வைத்த கேட்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இர்ஃபான் வந்து வளைந்த மானிட்டரைக் கழற்றிப் பழையதை மாட்டினார். பிறகு சும்மா நின்றார். மாற்ற இனி என்ன இருக்கிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

“மேடம், ஒரு தடவ நீங்க எந்திரிங்க. நான் ஒக்காந்து பாக்கறேன்.”

எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். ஆழ்வெளியை அவர் ஆடியதே இல்லை, எந்தப் பொத்தான் எதற்கு என்று நான்தான் சொன்னேன். கல்வளையத்துக்குள் விடச் சொன்னேன். மனுஷன் இடது, வலது, மேல், கீழ் எல்லாப் பாறையிலும் விலகி விலகிப் போகிறார்.

“எடப்பக்கம் ஒண்ணு வருதுங்க, பாருங்க” என்று விரலை வைத்துக் காட்டினார். காட்டிய இடத்துக்குக் கண்ணைத் திருப்பினேன், இருந்தது. கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தேன், இல்லை. திருப்பினேன், இருந்தது.

இர்ஃபான் எழுந்துவிட்டார். ஸ்குரு டிரைவர்களைப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டார். “பொட்டியில ஒண்ணுமில்லீங்க மேடம்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இவரிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். நான் கதவை ஓங்கிச் சாத்தினேன். வீட்டுக்கு வந்த மனிதரிடம் இப்படி நடந்துகொண்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கம்பெனிக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வலது கண்ணைக் கையால் மூடினேன். எதிரே சுவரில் கண்ணாடி. என் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன. காது இல்லை, தோள் இல்லை, கதவு இல்லை. இருட்டாகவும் இல்லை. இருட்டு என்றால் இருட்டு இருக்க வேண்டுமே. அதுவும் இல்லை.

என் மூக்குக் கண்ணாடியின் பவர் மாறியிருக்கும்.

பிப்ரவரி 22, சனி

இவர் லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வண்டியில் ஏறியபிறகு சொன்னார்: “தீவாளிக்கு முன்னால ரெண்டு தடவ எடப்பக்கம் வந்த ஆட்டோவுல விழப் பாத்தே புள்ள. சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. அதான் அந்தப் பக்கம் நடந்தேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தை மட்டும் காட்டினேன்.

ஃபீல்டு டெஸ்ட் என்று ஒன்று. வெள்ளைக் கிண்ணம் போன்ற பொறிக்குள் முகத்தை வைத்து நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது ஒளிப்புள்ளி மின்னும். மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இது என் ஏரியா!

இரண்டு நிமிடத்தில் அதன் தாளத்தைப் பிடித்துவிட்டேன். ஒன்று, இடைவெளி, ஒன்று, இடைவெளி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இப்போது ஒன்று வர வேண்டும் என்று கைக்குத் தெரிகிறது. அழுத்து, அழுத்து, அழுத்து. இரண்டு கண்ணையும் முடித்துவிட்டு “எத்தனை ஸ்கோருங்க?” என்று கேட்டேன்.

சோதனை செய்த பெண், ரெபேக்கா என்று பேர், பேப்பரைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். “மேடம், லைட்டே போடாம மெஷின் அப்பப்ப சும்மா இருக்கும். அந்த நேரத்துல பதினோரு தடவ அழுத்தியிருக்கீங்க. கேம் ஆடுவீங்களா?”

“ஏன்?”

“கேம் ஆடறவங்கதான் இப்படி. இது செல்லாதுங்க மேடம், இன்னொரு நாள் மறுபடி எடுக்கோணும்.”

எட்டு வருடமாக எனக்குச் சோறு போடாத, ஆனால் பெருமை கொடுத்த கை, என்னை இப்படிக் காட்டிக்கொடுத்தது.

டாக்டரம்மாவுக்கு அந்தப் பேப்பர் தேவைப்படவில்லை. கண்ணின் அழுத்தத்தை அளந்தார். இடது முப்பத்திநாலு, வலது இருபத்தொன்பது. இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். சொந்தத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். “உன்ற அப்பா?” என்றார் இவர். அப்பா கடைசி ஐந்து வருடம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். வயசு, சர்க்கரை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எந்த டாக்டரும் அவர் கண்ணுக்குள் பார்த்ததில்லை.

டாக்டரம்மா என் கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். ஆரஞ்சு நிற வானத்தில் ஒரு மஞ்சள் சூரியன், அதிலிருந்து கிளம்பும் சிவப்பு ஆறுகள். இருநூற்றுக்கு மேல் சூரியன்கள் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை எங்கும் பார்த்ததில்லை. அது எனக்குள் இருக்கிறது.

“இதுதான் நரம்பு வெளிய போற வாசல். பத்து லட்சத்துக்கு மேல இழைங்க. ஒவ்வொண்ணும் நீங்க பாக்கறதுல ஒரு துளியக் கொண்டுபோகுது. அழுத்தம் ஏற ஏற ஓரத்துல இருக்கறது செத்துக்கிட்டே வரும். வலிக்காது.”

திருப்பூரில் இருந்துகொண்டு பத்து லட்சம் இழை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அத்தனையும் ஒரு பென்சில் முனை அளவில்.

இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது அதன் இடப்பக்கம், போய்விட்டது. அதனால்தான் இடப்பக்கம் மட்டும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற முடியும், சொட்டுமருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டால், வேண்டி வந்தால் ஆபரேஷனும் செய்தால். எவ்வளவு போயிருக்கிறது என்பது சரியாகத் தெரிந்தால்தான் இனிமேல் போகிறதா நிற்கிறதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியும்.

“அடுத்த தடவ உண்மையா அழுத்துங்க” என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். ஓட்டை விழுந்திருந்தால் எனக்கு ஓட்டை தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு வானம் முழுதாகத்தானே தெரிந்தது?

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் இடது ஓரம் ஒரு பெருக்கல் குறி, வலது ஓரம் ஒரு கருப்புப் புள்ளி வரைந்து கொடுத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்லக் கிட்டே கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகிறது. அங்கே ஓட்டை இல்லை, சுத்தமான வெள்ளைத் தாள் இருக்கிறது. நரம்பு வெளியே போகும் வாசலில் எல்லோருக்குமே பார்வை கிடையாதாம். சுற்றியுள்ளதைப் பார்த்து மூளையே அந்த இடத்தை வரைந்து நிரப்பிவிடுகிறது.

இன்று தாளுக்குக் குறுக்கே நீலக் கோடு போட்டு, புள்ளியைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். புள்ளி மறைந்த இடத்தில் கோடு முறியாமல் ஓடுகிறது! பூவெழுதிய போர்வையின் மேல் தாயக்கட்டையை வைத்துப் பார்த்தேன். கட்டை மறைந்து போர்வை இருக்கிறது. இவரும் ஆரம்பித்தார். சமையலறையில் குழம்பு அடிப்பிடிக்கும்வரை பூபதி என்கிற சாயப்பட்டறை மேலாளர் ஒற்றைக் கண்ணோடு தாளை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் டைரியைத் திருப்பிப் படித்தேன். “அங்கே எனக்குத் தெரிவது சுத்தமான வானம், நட்சத்திரங்களோடு” என்று எழுதியிருக்கிறேன். அந்த நட்சத்திரங்கள் திரையில் இல்லவே இல்லை. அங்கே நிலா இருந்தது. ஒன்பது வருடப் பெட்டி நிலாவை ஒழுங்காக வரைந்து கொடுத்தது. என் தலைக்குள் இருக்கும் இன்னொன்று, நான் பயந்துபோகக் கூடாது என்பதுபோல் அந்த இடத்துக்கு வானம் வரைந்து நட்சத்திரம் தூவிக் கொடுத்திருக்கிறது. எத்தனை மாதமாக, எவ்வளவு வேகமாக, ஒரு விநாடி உறையாமல்! இதைப் போய்க் கோளாறு என்று தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

பயம் போகவில்லை. ஆனால் இன்று பகல் முழுவதும் பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

மார்ச் 1, சனி

மறுபடியும் அந்த வெள்ளைக் கிண்ணம்.

ரெபேக்கா இடது கண்ணில் தொடங்கினாள். முதல் ஒளி நடுவுக்குப் பக்கத்தில். அழுத்தினேன். இரண்டாவது. அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. பொறி மட்டும் மெல்ல டிக், டிக் என்கிறது. எனக்குத் தெரியும், ஒவ்வொரு டிக்குக்கும் எங்கேயோ ஒன்று மின்னுகிறது. கட்டைவிரல் துடித்தது. அழுத்தினால் அந்தப் பேப்பரில் ஒரு இடம் வெள்ளையாகும். அழுத்தினால் நான் பழைய கோகிலா.

அழுத்தவில்லை.

டிக். டிக். வெள்ளைக் கிண்ணம் அசையாமல் என்னைச் சுற்றி நிற்கிறது. எங்கெங்கோ எனக்காக விளக்குகள் எரிந்து அணைகின்றன, நான் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய இடத்தில் நான் இருந்ததில்லை. கண்ணீர் வந்தால் சோதனை கெட்டுவிடும் என்று ரெபேக்கா சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பேப்பர் வந்தது. இடது கண் வட்டம் ஏறக்குறைய முழுக்கக் கருப்பு, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெள்ளை. வலது கண்ணில் மூக்குப் பக்கம் மட்டும் கருப்பு, மற்றதெல்லாம் வெளிச்சம். வெளிச்சம் நான் நினைத்ததை விட நிறைய. எத்தனையோ நட்சத்திரங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன், எனக்கு இதுதான் முதல்.

“இதுல பொய்யே இல்லீங்க மேடம். ஒண்ணுகூட இல்ல” என்றாள் ரெபேக்கா.

சொட்டுமருந்து ஆரம்பம். டாக்டரம்மா எழுந்து வாசல்வரை வந்து கடைசியாக ஒன்று சொன்னார்: “கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே பாக்கச் சொல்லுங்க. இது ரத்தத்துல வரும்.”

மார்ச் 2, ஞாயிறு

நவநீதனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான். அதைப் பாதியில் வெட்டி, நீ எப்போது டெஸ்டுக்குப் போகிறாய் என்றேன்.

“எனக்கென்னக்கா? முப்பத்தாறு வயசு. பருந்துக் கண்ணு எனக்கு. நீ மோதற கல்லையெல்லாம் நான்தானே பாத்துச் சொல்றேன்?”

“நானும் போன மாசம் வரைக்கும் பருந்துதான்டா. அப்பாவும் பருந்துதான்.”

“ஆலைய நிறுத்தி ஷட்டவுன் வேல நடக்குதுக்கா. ஏப்ரல்ல பாக்கறேன்.”

“நீ போகாம நான் கப்பல்ல ஏற மாட்டேன். எல்லையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

“அக்கா!”

போனை வைத்துவிட்டேன். என்னுடையது போனது போயிற்று, அதை நான் பார்த்துக்கொள்வேன். அவனுடையதும் போனால் என்னால் தாங்க முடியாது.

மார்ச் 7, வெள்ளி

ஏழு மணி. ஏறவில்லை. அவன் மட்டும் ஆன்லைனில் இருப்பது பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. நான் வெண்டைக்காய் நறுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் ஏறவில்லை. பச்சைப் புள்ளியும் இல்லை.

மார்ச் 15, சனி

மத்தியானம் அழைத்தான். குரலே வேறாக இருந்தது.

“போனேன்க்கா.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ரெண்டு கண்ணுலயும் இருவத்தாறு. அழுத்தம் ஏற ஆரம்பிச்சிருச்சாம். நரம்பு இன்னும் நல்லா இருக்குதாம். அந்தக் கிண்ணத்துல முழு வெள்ளை, ஒரு புள்ளி போகல. இப்ப வந்ததால தப்பிச்சேன்னு அந்த டாக்டர் மூணு தடவ சொன்னாரு. யாரு அனுப்பினாங்கன்னு கேட்டாரு. எங்கக்கான்னேன்.” அதோடு ஒன்று சொன்னான்: “லைட்டு தெரியாதப்ப நானும் அழுத்தலக்கா. நீ சொன்னேல்ல.”

இவரிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நல்ல செய்திங்க என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

இர்ஃபானின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்க” என்று டீ வரவழைத்தார். எதை மாற்றுவது என்று இரண்டரை மாதமாக அடித்துக்கொண்டது இன்று ஒரு டீக்குள் முடிந்தது. அந்தத் தீப்பெட்டி டிரைவை வைத்துக்கொள்கிறேன். கார்டு வேண்டாம், வளைந்த மானிட்டர் வேண்டாம். பழைய இருபத்திரண்டு அங்குலமே போதும். வீட்டுக்கு வந்ததும் இவர் மேசையை ஜன்னல்வரை தள்ளி வைத்தார். நாற்காலியிலிருந்து திரை இப்போது மூன்றடிக்கு மேல். திரை தள்ளிப் போகப் போக, முன்னால் ஓரத்தில் தொலைந்ததெல்லாம் என் வெளிச்சத்துக்குள் வருகிறது. எல்லாம் வரவில்லை, பெரும்பாலும் வருகிறது.

ஸ்கூட்டர் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் ஆறரைக்கே சொட்டுமருந்து போட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஏறினேன்.

விளிம்பில் கப்பல்கள். எத்தனை என்று திரை மூலையில் எண் ஓடியது, நாற்பத்தோராயிரம். எந்தெந்த நாட்டிலோ சமைத்துக்கொண்டும் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டும் இருந்தவர்கள் எல்லாம் இங்கே விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இவர் வேலையிலிருந்து வந்த சட்டையோடு என் இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு எல்லை திறந்தது. தாவினோம்.

ஒன்றுமில்லை. நட்சத்திரமே இல்லாத கருப்பு. எட்டு வருடத்தில் அப்படி ஒரு கருப்பை நான் பார்த்ததில்லை. நாற்பத்தோராயிரம் விளக்குகளும் எங்கோ சிதறிவிட்டன. கப்பலின் சத்தம்கூட நின்றுவிட்டது.

“அக்கா” என்றான் நவநீதன். “அக்கா, எடப்பக்கம்.”

பார்த்தேன். நடுவைப் பார்த்தபடி இடப்பக்கம் எனக்குத் தெரிந்தது கருப்பு. ஓட்டையில்லாத, முறியாத, அழகான கருப்பு. என் தலை அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று இப்போது தெரியும்.

“என்ன இருக்குதுடா?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. பெருசா…” இவரைத் திரும்பிப் பார்த்தேன். திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இருவரும் பார்த்துவிட்டார்கள். நான் கடைசி. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கப்பலை இடப்பக்கம் திருப்பினேன். அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கருப்பு நகர்ந்தது. முதலில் ஒரு பால்நிறக் கீற்று வந்தது. அதன் பின்னால் நீலம், நீலத்துக்குள் இளஞ்சிவப்புப் பொட்டுகள், அதற்கப்புறம் பால்வீதியின் ஒரு வளைந்த கை, கை முழுக்கப் பொடிப்பொடியாய்ச் சூரியன்கள். எங்கள் பேர் நிற்கிற இருநூற்றுச் சொச்சமும் அந்தப் பொடியில் எங்கோ இருக்கின்றன. அந்தக் கை முடியவே இல்லை, அதற்கு உள்ளே இன்னொரு கை தொடங்கியது. நான் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

“முழுசாத் தெரியுதாக்கா?”

“இருடா” என்றேன். “இன்னும் வந்துக்கிட்டே இருக்குது.”